இருபத்துமூன்று கோடிச் சொச்சமாவது மாடி

முட்டையில் முடிகிற எந்த எண்ணையும் வேதமுத்துவுக்கு ஆகாது. கல்யாண வீட்டு மொய்க் கவர் என்றால் ஐந்நூற்றொன்று. அது நம் ஆட்கள் எல்லோரும் செய்கிறதுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனுஷன் பத்து ஆணி வாங்கப் போனாலும் பதினோராவது ஆணிக்காகக் கடைக்காரனிடம் ஒற்றைக் காலில் நிற்பார். மகள் ஜெனிஃபரின் ஞானஸ்நானத்தை இருபதாம் தேதி வேண்டாம், இருபத்தொன்று வையுங்கள் என்று போதகரோடு மல்லுக்கட்டியவர். டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். முப்பது வருஷம் முடிந்ததும் போகலாம் என்று சொன்னார்கள். முப்பதில் நிற்க மனசில்லாமல், கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வருஷம் புகை குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"பூச்சியத்துல நிறுத்துனா கத அத்தோட முடிஞ்சிரும்லா. ஒண்ணு வச்சாத்தான் மேல வளரும்" என்பார். சரி, ஆளுக்கு ஒரு கிறுக்கு. அது அவரோடு இருந்திருந்தால் நமக்கென்ன வந்தது?

அவர் மனைவி அன்னமேரிக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் ஒரு கக்கூஸ். சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்கள்தான். தாராவியில் அவர்கள் சந்தின் கோடியில் எட்டுக் கதவுள்ள பொதுக் கக்கூஸ் இருக்கிறது. மூன்றுக்குப் பூட்டு, ஒன்றுக்குக் கதவே கிடையாது, மிச்சம் நாலுக்கு முன்னூறு குடும்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அன்னமேரி சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பச்சைத் தண்ணீர் பல்லில் பட விடமாட்டாள். சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் புதுக் கட்டடம் வருகிறது என்றார்கள். சந்து மொத்தத்தையும் இடித்து, இருபத்திரண்டு மாடி எழுப்பி, வீட்டுக்கு வீடு கக்கூஸ் வைத்துக் கொடுக்கப் போகிறார்களாம். கணக்கெடுக்க வந்த இரண்டு பெண்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு மையில் ஒன்பது இலக்க எண் ஒன்றை எழுதினார்கள். அடுத்தடுத்த வீட்டுக்கு அடுத்தடுத்த எண் கொடுத்தால் ஆள்மாறாட்டம் நடக்குமாம். அதனால் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட எண்கள். ஒரு வாரத்தில் போட்டோ எடுக்க ஆள் வரும், போட்டோவில் இருப்பதுதான் ரெக்கார்டு, அதுவரை சுவரைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேதமுத்து வீட்டுக்கு விழுந்த எண் 232792560.

மனுஷன் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் இருந்த பூச்சியம் அவரைத் தின்றது. புதுவீட்டுக்குப் போகிற எண், அதுவும் முட்டையிலா முடிவது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது பொய்யில்லை. நாலாம் நாள் மத்தியானம் அன்னமேரி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது சுண்ணாம்பைக் குழைத்துப் பூச்சியத்தை மறைத்தார். துருப்பிடிக்காமல் இரும்புக்கு அடிக்கிற சிவப்பு பெயின்டில் பிரஷை முக்கி, நேர்க்கோடாக ஒரு ஒன்றை இழுத்தார். 232792561. தள்ளி நின்று பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது அவருக்கு. அதற்கு மூன்றாம் நாள் ஆள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். யாருக்கு எந்த மாடி என்று அறிவிக்க ஆபீசர் கிருஷ்ணா வந்திருந்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக உத்தியோகம் பார்க்கிற குடும்பம், தமிழ்க்காரர், வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லாத மனிதர்.

"குலுக்கல் போட்டா தில்லுமுல்லுங்கறேள். சிபாரிசுல கொடுத்தா ஊழல்ங்கறேள்" என்றார் மைக்கில். "அதனால கணக்குகிட்ட விட்டுட்டோம். கணக்கு யார்கிட்டயும் கை நீட்டாது. உங்க வீட்டு நம்பரை மாடி நம்பரால வகுங்கோ. மீதி இல்லாம வகுபட்டா அந்த மாடியை நீங்க கேக்கலாம். வகுபடலேன்னா கேக்கப்படாது. முதல் மாடி கார் நிறுத்தறதுக்கு. இரண்டுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் உங்களுக்கு."

சந்தில் ஒருத்தரிடமும் கார் கிடையாது. அது வேறு விஷயம்.

மைதானமே போனை எடுத்து வகுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற சிராஜுக்கு இரண்டு, ஏழு, பதினாலு என்று மூன்று மாடி விழுந்தது. "ஏழு ராசியான நம்பர் அண்ணாச்சி, ஏழையே எடுத்துக்கிடுதேன்" என்று வேதமுத்துவின் முதுகில் தட்டினார்.

சுனாபட்டியில் டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற ஜெனிஃபர் அப்பாவின் எண்ணை எடுத்து வகுத்தாள். இரண்டால் வகுத்தாள், மிச்சம் ஒன்று. மூன்றால் வகுத்தாள், மிச்சம் ஒன்று. நாலுக்கு ஒன்று. ஐந்துக்கு ஒன்று. அவள் முகம் சுருங்கியது. ஏழுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, பதின்மூன்றுக்கு ஒன்று. இருபத்திரண்டு வரை ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தாள். எதனால் வகுத்தாலும், அச்சுக் குத்தினதுபோல் மிச்சம் ஒன்று, அதே ஒன்று.

ஜெனிஃபர் மெதுவாகத் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் அவரிடம் வளர்ந்தவள் இல்லையா?

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. இந்த நம்பர்ல நீங்க ஏதும் ஒண்ணு வச்சீங்களா?"

வேதமுத்து வானத்தைப் பார்த்தார்.

"பூச்சியத்துலயா முடிஞ்சிருந்துச்சு?"

"கடைசீல ஒரு முட்ட கெடந்துச்சு" என்றார்.

"அய்யோ அப்பா!" ஜெனிஃபர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒண்ணுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதியில்லாம வகுபடுத நம்பர் அது. அதுக்குக் கீழ அப்படி ஒரு நம்பரே கெடையாது, அதான் மொத நம்பர். எந்த மாடிய வேணும்னாலும் கேட்டிருக்கலாம். இந்த மைதானத்துல ஒருத்தருக்கும் விழாத நம்பர் உங்களுக்கு விழுந்திருக்கு. நீங்க வச்ச ஒண்ணுல இப்ப அது பகா எண்ணாயிட்டு. ஒண்ணாலயும் அதாலயும் தவிர எதாலயும் வகுபடாது!"

அன்னமேரிக்குப் பகா எண்ணும் தெரியாது, பகு எண்ணும் தெரியாது. ஆனால் கக்கூஸ் போயிற்று என்பது புரிந்தது. மைதானத்தில் ஆயிரம் பேர் மத்தியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணு வச்சாராம்லா, ஒண்ணு!" என்றாள். "ஒம்ம ஒண்ணுல இடி விழ!" இருபத்தெட்டு வருஷத்தில் புருஷனை 'ஒங்க' என்னாமல், மரியாதையைக் குறைத்து 'ஒம்ம' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. ஒன்பதா, எட்டா என்று கேட்டால் வேதமுத்துவே சரியாகச் சொல்வார், அவருக்கு அந்த ஒவ்வொரு நாளும் அப்படிக் கனத்தது.

பத்தாம் நாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டருக்கு மனுஷனைப்போல் வெட்கமெல்லாம் கிடையாது பாருங்கள். வேதமுத்துவின் எண் ஒன்றால் வகுபடும். ஆனால் முதல் மாடியில் கார் நிற்கிறது. அந்த எண் தன்னாலேயே வகுபடும். ஆக, அவருக்கு ஒதுக்கப்பட்ட வீடு: மாடி எண் 23,27,92,561. ஒரு ஹால், ஒரு அடுக்களை, ஒரு கக்கூஸ். வாழ்த்துகள்.

சிராஜ் கடிதத்தை வாங்கி மூன்று தரம் படித்தார். பிறகு போனில் கணக்குப் போட்டார்.

"மாடிக்குப் பத்தடின்னு வச்சாலும் ஏழு லட்சம் கிலோமீட்டரு தாண்டுது அண்ணாச்சி. நிலா நாலு லட்சத்துக்குள்ளதான் இருக்கு. பெருநாளுக்குப் பிறை தெரிஞ்சுட்டான்னு நீங்க குனிஞ்சு பாத்துச் சொல்லணும்."

"லிப்ட் உண்டுன்னு போட்டிருக்கே பாய்."

"மாடிக்கு ரெண்டு செகண்டுன்னு போனா..." சிராஜ் மறுபடி தட்டினார். "பதினாலே முக்கால் வருசம்."

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்னமேரி சுவரைப் பார்த்துப் பேசினாள். "யாக்கோபு ராகேலுக்காகப் பதினாலு வருசம் பாடுபட்டான். அவனுக்குப் பொண்ணு கெடச்சா. நமக்குப் பதினாலே முக்கால் வருசம் லிப்ட்டுல நின்னா ஒரு கக்கூசு." சொல்லிவிட்டு அழுதாள். வெங்காயம் என்று யாரும் ஏமாறவில்லை.

வேதமுத்து எழுந்து சட்டையை மாட்டினார். அந்த அழுகையை அவரால் தாங்க முடியவில்லை. ஆபீசுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். சுவர் எண்ணில் கைவைத்தால் வீடே கிடையாது என்று நோட்டீசில் போட்டிருக்கிறது. போனால் போகட்டும், உண்மையைச் சொன்னால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அன்னமேரியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஆபீஸ் செம்பூரில். கிருஷ்ணாவின் மேஜைக்கு முன்னால் வேதமுத்து கைகட்டி நின்று, பூச்சியத்தை அழித்த பாவத்தை ஒப்புக்கொண்டார். பக்கத்தில் கம்ப்யூட்டரில் இருந்த கிளார்க் ராஹில் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

கிருஷ்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது, உங்க அசல் நம்பர் இரண்டால வகுபடும்."

"வகுபடும் சார்."

"மூணால?"

"எல்லாத்தாலயும் வகுபடும் சார். இருபத்திரண்டு வரைக்கும்."

கிருஷ்ணா சிரித்தார். "நான் இந்த வேலையில முப்பத்துமூணு வருஷம் இருக்கேன் ஐயா. இந்தத் திட்டத்துல பதினோராயிரம் வீடு. ஒருத்தருக்குக்கூட எல்லா மாடிக்கும் வகுபடற நம்பர் வரலை. வந்த ஒரே நம்பரை, அது வந்தவரே அழிச்சுட்டாராம். நான் நம்பணுமா?"

"வேணும்னா வகுத்துப் பாருங்க சார்."

காகிதத்தைத் தள்ளினார் ஆபீசர். "நீங்களே வகுங்கோ. போன் வேண்டாம், கையால."

அங்கேதான் பாருங்கள் கூத்து. எட்டாங்கிளாஸ் படித்த வேதமுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பழைய விண்ணப்பப் படிவத்தின் முதுகில் வகுக்க ஆரம்பித்தார். இரண்டுக்கு மீதியில்லை. மூன்றுக்கு மீதியில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி வியர்த்து, மூன்று கோடியே முப்பத்திரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எண்பது என்று சுத்தமாக இறக்கினார். ராஹில் கால்குலேட்டரில் சரிபார்த்து "கரெக்ட்" என்றான். பதினொன்றுக்கு வந்தது. பதின்மூன்றுக்கும் வந்தது. ஒவ்வொன்று சரியாக வர வர, ஆபீசரின் முகம் இருண்டுகொண்டே போனது. பதினேழு மீதியில்லாமல் இறங்கியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பத்தொன்பதும் இறங்கியது. இருபத்திரண்டும் இறங்கியது.

"இத்தனை சுத்தமா ஒரு நம்பர் இருக்குமா?" கிருஷ்ணா குனிந்து காகிதத்தை உற்றுப் பார்த்தார். "இது யாரோ உக்காந்து பண்ணின நம்பர். கள்ள நம்பர்! நிஜ நம்பர்னா எங்கேயாவது இடிக்கும். இருபத்திமூணால வகுங்கோ பாக்கலாம்!"

"கட்டடத்துல இருபத்திரண்டு மாடிதான சார்?"

"வகுங்கோ!"

வேதமுத்து வகுத்தார். மிச்சம் பதினைந்து.

"பாத்தேளா!" ஆபீசர் மேஜையைத் தட்டினார். ராஹிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஜெயித்த சந்தோஷத்தில் மூச்சு வாங்கினார். "வகுபடலை! மாட்டிண்டேளா?"

"சார், அப்படி ஒரு மாடியே இல்லியே..."

"இல்லாத மாடியைப் பத்தி நீங்க பேசாதீங்கோ. உங்களுக்குக் கிடைச்ச நம்பர் எவ்வளவு நேர்மையான நம்பர் தெரியுமா? யாருக்கும் வளையலை, எதுக்கும் வகுபடலை. அதை விட்டுட்டுக் கள்ள நம்பருக்கு ஆசைப்படறேளே. உங்க நல்ல காலம், நீங்க சொன்னதை நான் காதுல வாங்கிக்கலை. ஆத்துக்குப் போங்கோ."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொல்லி, அதையும் வகுத்துக் காட்டி மாட்டிக்கொண்டவன் இவர்தான். வேதமுத்து காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அன்னமேரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள். காலையில் பதினோரு மணிக்குக் கிளம்பியது, இப்போது மணி ஐந்து. ஆபீஸ் கக்கூசில் 'அலுவலருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கட்டத்தில் பயம் போய்விட்டது. எழுந்து வந்து, கடிதத்தை மேஜைமேல் விரித்தாள்.

"சார், இந்தக் கடுதாசியில போட்டிருக்குத வீட்டுல கக்கூசு உண்டா?"

"உண்டே" என்றார் கிருஷ்ணா, கொஞ்சம் பெருமையாக. "நாலுக்கு மூணு. வெள்ளை டைல்ஸ்."

"அந்த மாடி கட்டுவியளா?"

ஆபீசர் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். கட்டமாட்டோம் என்றால் கடிதம் பொய். கடிதம் பொய் என்றால் கணக்கு பொய். கணக்கு பொய் என்றால் மைக்கில் அவர் பேசியதெல்லாம் பொய். ராஹில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டுவோம்" என்றார். "முறைப்படி, ஒவ்வொண்ணா."

"கட்டுங்க, அவசரமில்ல. அதுவரைக்கும் நான் எங்க போவ?"

"அதுவரைக்கும்னா..."

"கக்கூசுக்குச் சார். எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னு நீங்கதான எழுதிக் குடுத்திருக்கிய? அது மேல வார வரைக்கும் நான் எங்க போவ?"

ராஹில் தொண்டையைச் செருமினான். கடிதத்தின் பின்பக்கம் இருந்த நிபந்தனைகளில் ஏழாவதைப் படித்தான். ஒதுக்கப்பட்ட வீடு கையில் கொடுக்கப்படும் வரை பயனாளியை இப்போதைய இடத்திலிருந்து அகற்றக் கூடாது. அந்த வீட்டுக்கு உரிய கழிப்பறை வசதியை அவர் இருக்கும் இடத்திலேயே காண்ட்ராக்டர் பதினைந்து நாளுக்குள் செய்து கொடுக்க வேண்டும். "ரூல்ல இருக்கு சார்" என்றான். "தற்காலிக முகாமுக்குன்னு எழுதினது. ஆனா அப்படின்னு இதுல போடல."

கிருஷ்ணா நிபந்தனையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முகம் தெளிந்தது. கடிதத்தில் எழுதினதை நிறைவேற்றுகிற சுகமே அவருக்குத் தனிச் சுகம். "ரூல்னா ரூல்தான்" என்று பேனாவைத் திறந்தார். "பயனாளி, மாடி எண் இருபத்துமூணு கோடியே இருபத்தேழு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரத்து ஐநூத்து அறுபத்தொண்ணு. இடைக்கால ஏற்பாடு. டைல்ஸ் வெள்ளை." கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் முத்திரையும் குத்தினார்.

வெளியே வந்ததும் வேதமுத்து மனைவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாம வாங்க" என்றாள் அவள். அவளுக்கு அவசரம்.

பன்னிரண்டாம் நாள் காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்தார்கள். அடுக்களையில் பாதியை எடுத்துக்கொண்டு சுவர் எழுப்பி, தொட்டி தோண்டி, குழாய் இழுத்து, வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். சந்து முழுக்க வாசலில் கூடிவிட்டது. இருபத்திரண்டு மாடியும் எழும்ப இன்னும் நாலு வருஷமாம். ஏழாம் மாடிக்காரரான சிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு ஒண்ணு வச்சுத் தாங்க அண்ணாச்சி" என்று கேட்டார். கேலியா நிஜமா என்று அவருக்கே தெரியவில்லை. மற்றவர்கள் போன பிறகு கதவு மாட்டினார்கள். மரக்கதவு, உள்ளே தாழ்ப்பாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அன்னமேரி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வேதமுத்து வெளியே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம்கூட இல்லை. அரை மணி நேரம் ஆனதும் மனுஷன் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கல் இருக்கிற உடம்பு, வலியில் உள்ளே மயங்கிக் கிடக்கிறாளோ என்னவோ? கதவருகே ஓடினார்.

"ஏட்டி அன்னம்!"

"என்ன?"

"என்னட்டி செய்யுத உள்ள? ஒடம்புக்கு ஏதும்..."

"ஒண்ணும் இல்ல. எப்பமோ முடிஞ்சிட்டு."

"பொறவு?"

"சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள் உள்ளிருந்து. அவ்வளவு சாவகாசமான குரலை அவர் அவளிடமிருந்து கேட்டதே இல்லை. "கதவுக்கு வெளிய யாரும் நிக்கல, பாத்தியளா. அதான் எந்திரிக்க மனசு வரல."

வேதமுத்து கதவைத் தட்டத் தூக்கிய கையை மெல்ல இறக்கினார். செருப்பைக்கூடப் போடாமல், அடி வைக்கிற சத்தம் கேட்காமல், பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசலைத் தாண்டிச் சந்துக்கு வந்து வெயிலில் நின்றுகொண்டார்.